அம்மாவுக்குப் பனி, பையனுக்கு ஸ்கீ

டிசம்பர் லீவுக்கு ஸ்கீ ரிசார்ட் தேடறவங்க பொதுவா எங்கே நல்லா சறுக்கலாம்னுதான் தேடுவாங்க. எங்க வீட்டுக் கணக்கே வேற. 71 வயசு அம்மா, 9 வயசுப் பையன், வெயிலும் மழையும் தவிர வேற சீசன் தெரியாத சிங்கப்பூர் உடம்புகள் ரெண்டு (நானும் தங்கமணியும்). நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மலை வேணும்.

அம்மாவுக்கு மூணு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சாச்சு. "தாராளமா பயணம் போகலாம், ஆனா ரொம்ப உயரம் வேண்டாம்"னு டாக்டர் சொல்லிட்டார். அப்பா இருந்தவரைக்கும், ரிடையர் ஆனதும் காஷ்மீர் போலாம்னு சொல்லிட்டே இருந்தார். ரிடையர் ஆனார். போகலை. இப்போ அவரும் இல்லை.

அதனால குல்மார்க்கைத்தான் முதல்ல பார்த்தேன். ஊரே சுமார் 2,650 மீட்டர். கண்டோலாவோட ரெண்டாவது கட்டம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரைக்கும் போகுது. ஊட்டியே 2,240 மீட்டர்தானே! போன தடவை ஊட்டியிலேயே அம்மா நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்னாங்க. மனசே இல்லாம குல்மார்க்கை அடிச்சேன். சுவிட்சர்லாந்தை அடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை. உயரமும் ஒத்துவராது, பர்ஸும் ஒத்துவராது. கொரியா சீப்தான், ஆனா அங்கே பல சரிவுகள்ல மிஷின் பனிதான் முக்கால்வாசி. பையனுக்கு ஓகே. அம்மா வானத்துலேர்ந்து விழறதைப் பார்க்கணும்னு சொல்றாங்களே!

மிச்சம் ஜப்பான். இங்கே ஒரு அதிசயம் இருக்கு. பனி பார்க்க உயரம் ஏற வேண்டியதே இல்லை. குளிர்காலத்துல சைபீரியாவிலேர்ந்து வர்ற வறண்ட குளிர்காத்து, ஜப்பான் கடல் மேல வரும்போது ஈரத்தை உறிஞ்சிக்குது. கடல் தண்ணி அந்தக் காத்தைவிட வெதுவெதுப்பா இருக்கறதால நல்லாவே உறிஞ்சும். நேரா வந்து மலையில முட்டி மேல ஏறினதும் அத்தனையையும் பனியா கொட்டிடும். மலைக்கு இந்தப் பக்கம் ஆள் உயரப் பனி. அந்தப் பக்கம் டோக்கியோவுல பளீர்னு வெயில். நம்ம ஊர்ல தென்மேற்குப் பருவமழை கேரளாவுல கொட்டிட்டு, மலை தாண்டி வரும்போது வெறுங்காத்தா வர்ற அதே கதைதான். இதை அம்மாகிட்ட சொன்னதும் டக்குனு புரிஞ்சுடுச்சு.

தங்கமணி ஓட்டு நிசெகோவுக்கு (ஆபீஸ்ல எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்களாம்!). பனியில குறை சொல்லவே முடியாது. ஆஸ்திரேலியாக்காரங்க நிறைய இருக்கறதால பையனுக்கு இங்கிலீஷ்லயே சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும். ஆனா சிடோசே ஏர்போர்ட்லேர்ந்து பஸ்ல ரெண்டரை, மூணு மணி நேரம். கிறிஸ்துமஸ் வாரத்து ரூம் வாடகையைப் பார்த்துட்டு லேப்டாப்பை மூடி வச்சேன். 1998 நகானோ ஒலிம்பிக்ஸ் நடந்த ஹகுபாவும் நல்ல இடம்தான், ஆனா அதுக்கும் ரயில் மாறி பஸ் பிடிக்கணும்.

கடைசியில மனசுக்குப் பிடிச்சது காலா யுசாவா. டோக்கியோவுல ஷின்கான்சென் ஏறினா சுமார் ஒண்ணேகால் மணி நேரம். ஸ்டேஷனே ஸ்கீ ரிசார்ட்டோட அடிவாரம்! 1990-ல திறந்தது, குளிர்காலத்துக்கு மட்டும் இயங்குற ஸ்டேஷன். உள்ளேயே டிரஸ், ஸ்கீ எல்லாம் வாடகைக்கு எடுத்து, அங்கேயே கண்டோலா ஏறிடலாம். சறுக்கத் தெரியாதவங்களும் கண்டோலாவுல போய் வேடிக்கை பார்த்துட்டு வரலாம். ஊர் சில நூறு மீட்டர் உயரம்தான், மேலே போனாலும் ஊட்டியில பாதி. போற வழியில மலையைக் குடைஞ்ச 22 கிலோமீட்டர் சுரங்கம் வேற. இந்தப் பக்கம் வெயில்ல நுழைஞ்சா அந்தப் பக்கம் வெள்ளை உலகமாம். கவாபட்டா 'பனி தேசம்' எழுதினது இந்த யுசாவாவை வச்சுத்தான் (அவர் காலத்து ரயிலும் சுரங்கமும் வேற).

ஸ்கீ தெரிஞ்ச நண்பர் ஒருத்தர், "அது ஒரு நாள் கூத்து, கூட்டம் நெரியும், உருப்படியா கத்துக்கணும்னா நிசெகோதான்"னு சொன்னார். நியாயம்தான். ஆனா பையனுக்கு இன்னும் அறுபது குளிர்காலம் பாக்கி இருக்கு.

ஒரே பயம், பனி லேட்டாகலாம். காலா திறக்கறது பெரும்பாலும் டிசம்பர் பின்பாதியில, அந்த வருஷப் பனியைப் பொறுத்து. எங்க ஸ்கூல் லீவு டிசம்பரோட சரி. 29-க்கு மேல ஜப்பான்காரங்களே புத்தாண்டுக்குக் கிளம்பிடுவாங்க. அதனால 23-லேர்ந்து 27 வரை, கேன்சல் பண்ணக்கூடிய ரூம். பனி ஏமாத்தினா கருயிசாவா. அங்கே மிஷின் பனி போட்டு நவம்பர்லயே ஆரம்பிச்சுடறாங்க. டோக்கியோவிலேர்ந்து போற மூணு நாள் ரயில் பாஸ் ரெண்டு ஊருக்குமே செல்லும்.

சாப்பாடுதான் அடுத்த தலைவலி. ஜப்பான்ல சூப், குழம்பு எதுலயும் மீன் சாறு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சமையலறை வச்ச அபார்ட்மென்ட் எடுத்தாச்சு. அம்மா இப்பவே புளிக்காய்ச்சல் கிளறி பாட்டில்ல அடைச்சு வச்சுட்டாங்க.

எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சா, நேத்து ராத்திரி அம்மா கேட்டாங்க: "அங்க செருப்பு போட்டுக்கலாம்ல?"

71 வருஷத்துல ஷூ போட்டதே இல்லையாம். சனிக்கிழமை முஸ்தபா போறோம், லேஸ் இல்லாத பூட்ஸ் தேட.