பிராற்றோவின் தறிகளும் பேராசிரியர் பெக்கற்றினியும்

சிறு தொழிலகமென்பது வளர்ச்சி குன்றிய பெருந்தொழிலகமே என்ற எண்ணம் பொருளியலாளரிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. ஆலைகள் எழுந்தபின்னும் பட்டறைகள் மறையாதிருப்பின், அது பின்தங்கிய நிலையின் அறிகுறியெனக் கொள்ளப்பட்டது. 1927 ஆம் ஆண்டிற் புளோரன்ஸ் நகரிற் பிறந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே பொருளியல் கற்பித்த ஜியாகோமோ பெக்கற்றினியின் ஆய்வு வாழ்வு, இவ்வெண்ணத்தோடு தொடுத்த நீண்டதொரு வழக்கு எனலாம்.

வழக்குக்குரிய சான்று அயலிலேயே இருந்தது. புளோரன்சுக்கு அண்மையிலுள்ள பிராற்றோ, கம்பளிக் கந்தல்களைத் தரம்பிரித்துக் கிழித்து மீண்டும் நூலாக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகர். இரண்டாம் உலகப் போரின் பின் அங்கிருந்த பேராலைகள் நொடிந்தன. வேலையிழந்தோர் பலர் அவ்வாலைகளின் தறிகளையே வாங்கி, வீட்டை ஒட்டிய கொட்டகைகளில் நெய்யலாயினர். நூற்பவர் ஒருவர், பாவோடுபவர் வேறொருவர், சாயமிடுபவர் மற்றொருவர். இவர்களை இணைத்தவர் 'இம்பன்னற்றோரே' எனப்பட்ட வணிகர். தமக்கெனத் தறியொன்றுமின்றியே துணியின் மாதிரியை வகுத்து, வேலையைப் பங்கிட்டு, முடிந்த துணியை விற்றவர் அவர். நெசவாளனோ ஒரே வணிகருக்குக் கட்டுப்பட்டவனல்லன். அடுத்த பருவத்தில் வேறொருவருக்கும் நெய்வான். போட்டியும் ஒத்துழைப்பும் ஒரே தெருவில் நிகழ்ந்தன.

இதனை விளக்கும் கருவியைப் பெக்கற்றினி, அல்பிரட் மார்ஷல் 1890 இல் வெளியிட்ட நூலிற் கண்டார். ஷெபீல்டின் கத்தித் தொழிலையொத்த, ஓரிடத்திற் செறிந்த தொழில்களைப் பற்றி மார்ஷல் எழுதிய பக்கங்களைப் பிற்காலத்தவர் ஏறக்குறைய மறந்திருந்தனர். 1979 இல் வெளிவந்த கட்டுரையிற் பெக்கற்றினி, ஆராயத்தக்க அலகு தனி நிறுவனமுமன்று, தொழிற்றுறையுமன்று. மக்களும் தொழிலும் பின்னிப் பிணைந்த 'கைத்தொழில் வட்டாரமே' என வாதிட்டார். பேராலையே முன்னேற்றமென நம்பியோர்க்கு இது உவப்பாயிருக்கவில்லை. ஆயினும் 1991 இல் இத்தாலியச் சட்டமே அவ்வட்டாரங்களை ஏற்றுக்கொண்டது.

அவர் போற்றிய அயலவர் நம்பிக்கைக்கு ஒரு விலையும் இருந்தது. கொட்டகையில் இரவிலும் தறி ஓடியது. மனைவி மக்களின் உழைப்புக்குத் தனிக்கூலி எழுதப்பட்டதில்லை. ஒத்துழைப்பை வியப்போர் இதனை எளிதிற் கடந்துவிடுகின்றனர்.

1990களிலிருந்து பிராற்றோவிற் சீனக் குடியேறிகள் பெருகினர். அவர்களுடையவையும் சிறு தொழிலகங்களே; அங்கும் குடும்பமே உழைத்தது. ஆனால் அவர்கள் தைத்த ஆடைகளுக்கு வேண்டிய துணி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தது; பழைய நெசவாளரோடு கொடுக்கல் வாங்கல் குறைவு. 2013 டிசெம்பரில் அத்தகைய பட்டறையொன்றிற் தீப்பற்றியது. தொழிலிடத்திலேயே உறங்கிய எழுவர் மாண்டனர். அவ்வேளை பெக்கற்றினிக்கு வயது எண்பத்தாறு. 2017 இல் அவர் மறைந்தபோதும் அவ்விரு பிராற்றோக்களும் ஒரு வட்டாரமாகியிருக்கவில்லை.