வருமாம்

பெங்களூரில் மெஜஸ்டிக்கை அடுத்த நேஷனல் மார்க்கெட்டில் வீடியோ கேம் விற்கும் சிறு கடைகள் உண்டு. புதிய கன்சோல் ஒன்றைப் பற்றி உலகில் எங்கேனும் பேச்சு எழுந்தால், சில நாட்களுக்குள் அக்கடைகளின் முன் ஒரே கேள்வி பல மொழிகளில் கேட்கப்படும். பதிலும் பல மொழிகளில் வரும். ஆனால் பதிலின் வால் மட்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். தமிழர் 'தீபாவளிக்கு வருமாம்' என்பார். கன்னடர் 'பருத்தந்தெ' என்பார். தெலுங்கர் 'வஸ்துந்தட' என்பார். இந்தி பேசுபவருக்கு இந்த வசதி இல்லை. 'சுனா ஹை', அதாவது 'கேள்விப்பட்டேன்', என்று அவர் தனியாக ஒரு தொடர் சேர்த்தாக வேண்டும். திராவிட மொழிக்காரருக்கு ஓர் ஒட்டே போதும்.

இந்த ஒட்டு செய்யும் வேலை சிறியதல்ல. சொல்லப்படும் செய்தி சொல்பவரின் கண் கண்டதன்று, செவி வழி வந்தது. அதன் மெய்ம்மைக்கு அவர் பிணை நிற்கவில்லை. இவ்வளவையும் ஒற்றை அசை சொல்லிவிடுகிறது. மொழியியலார் இதைச் சான்றுநிலை என்னும் பெரும் இலக்கணக் கூற்றின் ஒரு பகுதியாகக் கொள்வர். உலக மொழிகளில் ஏறத்தாழ காற்பங்கில், ஒரு செய்தி எவ்வழி அறியப்பட்டது என்பதைச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கவே இயலாது என்று அலெக்ஸாண்ட்ரா ஐகன்வால்ட் 2004இல் வெளியான தம் நூலில் காட்டினார். தமிழ் அந்த வகையைச் சேர்ந்ததன்று. தமிழில் 'ஆம்' கட்டாயமில்லை. விரும்பினால் சேர்க்கலாம், விரும்பினால் விட்டுவிடலாம். சிக்கல் தொடங்குவது அந்த விருப்பத்தில்தான்.

இதே ஒட்டுக்கு வேறு பணிகளும் உண்டு. பாட்டி சொல்லும் கதையில் ஒரு ராஜா 'இருந்தானாம்'. தகுதிக்கு மீறிப் பேசுபவனைப் பார்த்து 'பெரிய மேதாவியாம்' என்று எள்ளவும் அதுவே உதவும். எல்லாவற்றையும்விடச் சுவையானது சிறுவர் விளையாட்டில் அதன் ஆட்சி. 'நீ போலீஸாம், நான் திருடனாம், இந்தத் திண்ணைதான் ஜெயிலாம்.' செவிவழிச் செய்திக்கும் பாவனை விளையாட்டுக்கும் தமிழ்க் குழந்தை ஒரே உருபைப் பயன்படுத்துகிறது. இன்னும் வெளிவராத ஒரு கேமைப் பற்றிய பேச்சில் இவை அனைத்தும் ஒருசேர நிகழ்கின்றன: கேள்வி, கதை, எள்ளல், பாவனை. எது எதுவென்று பிரிப்பது பேசுபவர்களுக்கே எளிதன்று.

கேள்விக்கு விலை உண்டு என்பதை இந்த நகரம் நன்கு உணர்ந்தது பிளேஸ்டேஷன் 5 வந்த பருவத்தில். 2020 செப்டம்பரில் சோனி அதன் விலையையும் நாளையும் அறிவித்தது. அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகளுக்கு நவம்பர் 12. பிற நாடுகளுக்கு நவம்பர் 19. உள்நாட்டு இறக்குமதி விதிகளுக்கு உட்பட்டது என்றோர் அடிக்குறிப்பும் இருந்தது. பிற நாடுகள் என்பதில் இந்தியா அடங்குமா என்பதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. இந்திய விலை 49,990 ரூபாய் என்று அக்டோபரில் தெரியவந்தது, நாள் தெரியவரவில்லை. போட்டியாளரான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் நவம்பர் 10 அன்று உலகோடு ஒத்து இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. விலை இருக்கிறது, பொருள் இருக்கிறது, நாள் இல்லை. வதந்தி முளைக்க இதைவிட ஈரமான மண் கிடையாது.

முளைத்தவற்றுள் ஒன்று மொழியியல் மாணவருக்குத் தனிப்பட்ட சுவை தருவது. அது ஒரு பெயரைப் பற்றியது. 'பிஎஸ்5' என்ற பெயரைத் தில்லியைச் சேர்ந்த ஒருவர், சோனி இந்தியாவில் பதிவு கோருவதற்கு முன்பே, 2019இல் தம் பெயரில் வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்திருந்தார். சோனி அதை எதிர்த்தது. இவ்விரண்டும் பொதுப் பதிவேட்டில் எவரும் காணக்கூடிய உண்மைகள். 'அதனால்தான் இந்தியாவுக்கு வரவில்லையாம்' என்ற மூன்றாவது தொடருக்கு மட்டும் சாட்சி இல்லை. சில வாரங்களில் இணையத்தில் 'ஆம்' உதிர்ந்து 'அதனால்தான் வரவில்லை' என்றாயிற்று. முன்னிரண்டின் உண்மை மூன்றாவதற்கும் ஒளி கொடுத்தது. பெரும்பாலான நல்ல வதந்திகளின் கட்டமைப்பு இதுவே. பெயர்ச்சொற்கள் உண்மையாக இருக்கும். அவற்றை இணைக்கும் 'அதனால்' மட்டும் கற்பனையாக இருக்கும். அந்த விண்ணப்பம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

அந்த நவம்பரில் நோய்த்தொற்றுக் காலத்தின் வீட்டுவேலையில் பன்னேர்கட்டா சாலை அறை ஒன்றில் அடைந்துகிடந்த ஓர் இளம் பொறியாளர், சேமிப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார். சேலத்துக்காரர். நேஷனல் மார்க்கெட் கடைக்காரர் அவரிடம் சொன்னது, 'மார்ச் வரைக்கும் வராதாம் தம்பி.' கடைக்காரர் இலக்கண சுத்தமாகத்தான் சொன்னார். தம்மிடம் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி ஒன்று இருப்பதையும், அதன் விலை பல ஆயிரம் கூடுதல் என்பதையும், இந்தியாவில் அதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அன்றிரவு அந்த இளைஞர் ஊரிலிருந்த நண்பரிடம் தொலைபேசியில் கூறியது வேறு: 'மார்ச் வரைக்கும் வராதுடா. வாங்கிடப் போறேன்.' ஒட்டு எங்கே உதிர்ந்தது? கடைக்கும் அறைக்கும் இடையில், அவருடைய மனத்துக்குள்ளேயே. பணத்தை எண்ணிக் கொடுக்கும் கை 'ஆம்' போட்டுக் கொடுக்க முடியாது. தொகை உறுதியானது, ஆதலால் காரணமும் உறுதியாகிவிட வேண்டும். டிசம்பரில் வாங்கினார். 2021 புத்தாண்டு நாளில் சோனி அறிவித்தது: முன்பதிவு ஜனவரி 12 நண்பகல், விற்பனை பிப்ரவரி 2.

இதில் அவர் ஏமாந்தார் என்று எளிதில் தீர்ப்புச் சொல்லலாகாது. ஜனவரி 12 அன்று நண்பகலில் திறந்த முன்பதிவு சில நிமிடங்களில் தீர்ந்தது. காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அன்றும் வெறுங்கையோடுதான் எழுந்தனர். பின்னர் மாதக்கணக்கில் அடுத்த சரக்கு 'வருமாம்' என்பதைப் பின்தொடர்ந்தனர். வதந்தியை நம்பியவரும் அறிவிப்பை நம்பியவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றனர் என்பதுதான் இதில் கசப்பானது. உற்பத்தியாளர் ஒரு சந்தையிடம் பேச மறுக்கும்போது அச்சந்தை தனக்குத்தானே பேசிக்கொள்கிறது. அதை மூடத்தனம் என்று சொல்பவர்கள், அந்த மௌனத்தை என்ன சொல்லி அழைப்பார்கள் என்பது தெரியவில்லை.

நிண்டெண்டோ விஷயத்தில் நிலை இன்னும் வினோதமானது. அந்நிறுவனம் இந்தியாவில் கன்சோல்களை முறைப்படி விற்பதே இல்லை. ஆகவே நிண்டெண்டோ ரசிகருக்கு 'ஆம்' ஒரு காலகட்டத்தின் இடர் அன்று, நிரந்தர முகவரி. 2021இல் நான்கு-கே திறனுள்ள புதிய ஸ்விட்ச் வரப்போகிறது என்ற பேச்சு உலகெங்கும் உறுதிச் செய்தியின் தொனியில் உலவியது; அந்த ஜூலையில் அறிவிக்கப்பட்டதோ திரை மேம்பட்ட ஓலெட் ஸ்விட்ச். மெய்யான ஸ்விட்ச் 2 விற்பனைக்கு வர 2025 ஜூன் 5 ஆயிற்று. அதுவும் பெங்களூருக்கு எவருடைய பயணப் பெட்டியிலாவது ஏறித்தான் வந்தது.

சங்க அக மரபு ஊர்ப்பேச்சை இரண்டாகப் பகுத்தது. வாய்க்குள் முணுமுணுக்கப்படுவது அம்பல். வெளிப்படையாக விரிந்துவிட்டது அலர். முன்னது அரும்பு, பின்னது மலர் என்று உரைகாரர் விளக்குவர். கேம் உலகினர் இன்று 'ரூமர்' என்றும் 'லீக்' என்றும் சொல்லும் இரண்டும் இப்பகுப்பில் சரியாகப் பொருந்தா. எனினும் அரும்பு மலராகும் அந்தக் கணத்தைத் தனியே பெயரிட்டு நோக்கிய மரபு தமிழுக்கு உண்டு என்பது நினைவுகொள்ளத் தக்கது. திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரம் இன்னும் கூர்மையாக ஒன்றைச் சொல்கிறது: ஊரார் பேச்சு காதலை அணைப்பதில்லை, எருவாகி வளர்க்கிறது. கேம் நிறுவனங்களின் விளம்பரத் துறையினர் இவ்வதிகாரத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பேச்சு எரு என்பதை அவர்கள் அறிவார்கள்.

அந்த எருவுக்கு ஜிடிஏ 6-ஐவிடச் சிறந்த சான்று இல்லை. அடுத்த ஆட்டம் உருவாகி வருகிறது என்று ராக்ஸ்டார் 2022 பிப்ரவரியில் உறுதிசெய்தது. அதே செப்டம்பரில் முடிவுறாத ஆட்டத்தின் காட்சிகள் ஏறத்தாழ 90 துண்டுகளாகத் திருடப்பட்டு இணையத்தில் கொட்டப்பட்டன. அவற்றைக் கண்ட பலர் 'இவ்வளவுதானா' என்று நகைத்தனர். சாரம் கட்டிய சுவரைப் பார்த்து வீடு அழகில்லை என்பது போன்ற நகைப்பு அது. பிற நிறுவனங்களின் கலைஞர்கள் தங்கள் புகழ்பெற்ற ஆட்டங்களின் அரைகுறைக் காட்சிகளைத் தாங்களே வெளியிட்டு, பணியில் இருப்பவை இப்படித்தான் இருக்கும் என்று காட்ட வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் முதல் ட்ரெய்லரும் குறித்த நேரத்துக்கு முன்பே கசிந்தது. நிறுவனம் வேறு வழியின்றி அதை உடனே வெளியிட்டது. ஒரே நாளில் 9 கோடிக்கு மேற்பட்ட முறை அது பார்க்கப்பட்டது. வெளியீட்டு நாள் 2025இன் பிற்பகுதி என்றிருந்தது, 2026 மே 26 ஆகி, பின்பு 2026 நவம்பர் 19 ஆயிற்று. ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் முன்னால் 'தள்ளிப்போகுமாம்' ஒன்று நடமாடியது. அவற்றுள் சில பலித்தன. பலித்ததே கெடுதல், ஒருமுறை பலித்த வாய் அடுத்த முறை 'ஆம்' சேர்ப்பதில்லை.

உலகத்துக்கு இது தொலைவிலிருந்து கேட்கும் கதை. பெங்களூருக்கு அப்படியில்லை. ராக்ஸ்டாருக்கு இந்நகரில் 2016 முதல் ஒரு கிளை உண்டு. 1997இல் இங்கே ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் மூத்த கேம் நிறுவனங்களுள் ஒன்று. 2019இல் அதையும் ராக்ஸ்டார் வாங்கிக்கொண்டது. இவை போக, வெளிநாட்டு ஆட்டங்களுக்குக் கார், கட்டடம், மரம், சட்டை மடிப்பு என்று துண்டு துண்டாக வேலை செய்து கொடுக்கும் கலைக்கூடங்கள் பல. ஆக, உலகம் யூகித்துக்கொண்டிருப்பதை உண்மையில் அறிந்த சிலர் இதே நகரின் மெட்ரோவில் நின்றபடி பயணம் செய்கிறார்கள், பக்கத்து இருக்கையில் நடக்கும் யூகத்தைக் காதில் வாங்கியபடி. அவர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின்படி வாய் திறக்கலாகாது.

அந்த மௌனத்தின் எடை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. உற்பத்தித் திறனோடு பாதுகாப்பையும் காரணமாகச் சொல்லி, 2024 ஏப்ரல் முதல் வாரத்தின் 5 நாளும் அலுவலகம் வருமாறு ராக்ஸ்டார் தன் ஊழியர்களைப் பணித்தது. 2025 அக்டோபர் இறுதியில் பிரிட்டனிலும் கனடாவிலும் 30க்கும் மேற்பட்டோரை நீக்கியது. இரகசியத் தகவல்களைப் பொதுவெளியில் பகிர்ந்தார்கள் என்றது நிறுவனம். சங்கம் அமைத்ததற்கான பழிவாங்கல் என்றது தொழிற்சங்கம். யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, வெளியே ரசிகர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கும் ஒரு வாக்கியம் உள்ளே ஒருவருடைய வேலையாக இருக்கிறது என்பது அன்று எல்லாக் கூடங்களுக்கும் தெரிந்தது.

ஒசூரில் ஒரு வீடு. மூத்த மகன் பெங்களூரின் கலைக்கூடம் ஒன்றில் பணி செய்கிறார். எந்த ஆட்டத்துக்கு என்பது வீட்டாருக்குத் தெரியாது. பொங்கல் விடுமுறையில் கல்லூரியில் படிக்கும் தம்பி சுற்றிச் சுற்றி வருகிறான். 'எப்பண்ணா வருது? எனக்கு மட்டும் சொல்லு.' அண்ணனின் பதில் எப்போதும் ஒன்று: 'பேப்பர்ல போட்டிருக்கானே, அதான்.' மூன்றாம் முறை கேட்டபோது அண்ணன் பதில் சொல்லாமல் கரும்பைக் கடித்தார். தம்பி அதையும் படித்தான். அன்று மாலை நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் அவன் எழுதியது: 'எங்க அண்ணன் வாயே திறக்கல. கண்டிப்பா மறுபடியும் தள்ளிப்போகுமாம்.' அந்த 'ஆம்' யாரைச் சுட்டுகிறது? சொன்னவர் எவரும் இல்லை. சான்றுநிலை இலக்கணத்தில் மௌனத்தை மூலமாகக் காட்டும் உருபு எம்மொழியிலேனும் உண்டா என்பது ஆய்வுக்குரியது. குழுவில் ஒருவன் அதை ஆங்கிலத்தில் மாற்றி வேறொரு குழுவுக்கு அனுப்பினான். ஆங்கிலத்தில் 'ஆம்' இல்லை. 'உள்ளே இருப்பவர் உறுதிசெய்தார்' என்று ஆயிற்று. அது தன் காதுக்கு வந்த இரவு அண்ணனுக்கு உறக்கம் வரவில்லை. தம்பியை எழுப்பி அழிக்கச் சொன்னார். தம்பி தன்னுடையதை அழித்தான். மற்றது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா பால் வாங்க வந்தபோது, பெரியவன் பெங்களூரில் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டார். அவர்களின் தாய் சொன்னார்: 'ஏதோ கேமுக்கு மரம், செடி எல்லாம் வரையறானாம்.'