எண்ணிப் பார்த்தவர்

2018-இல் பெருமாள்மலைக்குப் பங்குத்தந்தையாக வந்த புதிதில், காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர் காசநோயால் படுத்திருந்தார். வாரந்தோறும் அவர் இல்லம் செல்வேன். "மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்பேன். "சாப்பிடுகிறேன் சாமி" என்பார். செபித்துவிட்டுத் திரும்புவேன். அவரோ நாளுக்கு நாள் மெலிந்தார்.

ஒருநாள் என்னுடன் வந்த மூத்த செவிலியர் அக்கேள்வியைக் கேட்கவே இல்லை. மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினார். பாதி அப்படியே இருந்தன. அவர் கடிந்துகொள்ளவில்லை. "விழுங்கினால் என்ன செய்கிறது?" என்று மட்டும் கேட்டார். குமட்டுகிறது, மலைச்சரிவில் நின்று வேலை செய்ய முடியவில்லை என்று அன்றுதான் அம்மனிதர் வாய் திறந்தார். சாமியாரிடம் யார்தான் 'இல்லை' என்பார்கள்?

திரும்பும் வழியில், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தம் ஆசிரியை சென்னைக் காசநோய் ஆய்வு நிலையத்தில் வீடு வீடாகச் சென்று பணியாற்றியவர் என்றார்.

அந்த நிலையம் 1956-இல் தொடங்கப்பட்டது; இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆய்வு நிறுவனமாக விளங்குகிறது. நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் தரும் காசநோய் இல்லங்களே இந்நோய்க்குப் புகலிடம் என்று உலகம் நம்பிய காலம் அது. நம் மலைக்காற்றுக்கும் அந்தப் பெருமை இருந்தது. நெருக்கமான ஏழை வீடுகளில் வைத்தே குணப்படுத்த இயலுமா என்று அறிய, 193 நோயாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. வீட்டில் மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவில் நலம் பெற்றிருந்தனர்; வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய்த்தொற்று மிகவில்லை.

அம்முடிவை அறிந்தவர் பலர். அதற்காக உழைத்த பெண்கள் என்ன கற்றார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப்படுகிறது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் செல்லவும், எஞ்சிய மருந்தை எண்ணவும், மருந்து உடலில் சேர்ந்ததா என்று சிறுநீரைச் சோதிக்கச் செய்யவும் அவர்கள் பழகினர். எல்லாரிடமும் ஒரே கேள்வியை ஒரே விதமாகக் கேட்க வேண்டும். கண்டதை எழுத வேண்டும், ஊகித்ததை எழுதக்கூடாது. பொய் சொன்னவர் வீட்டுக்கும் மறுவாரம் முகம் கோணாமல் போக வேண்டும். ஆய்வு முடிந்தபின்னும் இப்பயிற்சி அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை, மாணவியருக்கும் சென்றது. வீட்டில் மருந்து தவறுவதைக் கண்டறிந்த அனுபவமே, கண்முன்னே மருந்து விழுங்கச் செய்யும் முறையை அந்நிலையம் ஆராயவும் வழிவகுத்தது.

ஆய்வு என்றதும் ஏழையைச் சோதனை எலியாக்குகிறார்கள் என்று நம் மக்கள் அஞ்சுவதுண்டு. அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. விவரம் சொல்லி இசைவு பெறாத ஆய்வு அநீதியே. ஆனால் நேர்மையாக நடந்த ஓர் ஆய்வு, அறுபதாண்டு கடந்து எங்கள் மலையில் ஓர் உயிரைத் தேடி வந்ததை நான் கண்டேன்.

செவிலியர் மருத்துவரிடம் பேசிக் குமட்டலுக்கு வழி செய்தார். அடுத்த வாரம் நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போயிற்று?"

அவர் சற்றே தயங்கி, இரண்டு விரல்களைக் காட்டினார்.