தோட்டத்து ஏற்றமும் டீசல் எஞ்சினும்

ரம்புக்கனையில் ரயிலை விட்டு இறங்கியபோது மழை ஓய்ந்திருந்தது. 2022 ஏப்ரல் 19 அன்று எரிபொருள் கேட்டு இந்த ஊர் ரயில் கடவையில் திரண்ட மக்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். இன்று அந்தக் கடவையில் வாகனங்கள் சாதாரணமாகப் போய்வருகின்றன. நண்பர் கொடுத்த 100 சிசி மோட்டார் சைக்கிளில் நானும் அதைக் கடந்து கேகாலைப் பக்கம் திரும்பினேன். தோட்டத்துப் பாதைகளில் மோட்டார் சைக்கிளைச் சிறிய டீசல் எஞ்சினில் ஓட்ட முடியுமா, ஓட்டினால் பயன் உண்டா என்று நேரில் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம்.

இந்தக் கேள்வி பிறந்ததே அந்த வருடத்தில்தான். 2021 தொடக்கத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 137 ரூபா, டீசல் 104 ரூபா. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது ஆயிரம் ரூபா. இரண்டு லீற்றர் பெற்றோல் அடித்தால் ஒரு நாள் உழைப்பு போயிற்று. பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். டவுனிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் மேலே லயத்தில் இருக்கும் இளைஞன் அந்த 4 லீற்றரில் வேலைக்குப் போவானா, பிள்ளையை மருந்துக்குக் கொண்டுபோவானா?

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனெல்லை போகும் பாதை அழகானது. இருபுறமும் றப்பர், மரத்துக்கு மரம் பால் சிரட்டை. மேலே ஏற ஏற தேயிலை. சப்ரகமுவத் தோட்டங்களைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. மலையகம் என்றாலே எல்லோருக்கும் நுவரெலியாவும் ஹட்டனும்தான் நினைவுக்கு வரும். இங்கேயும் அதே லயங்கள்தான், அதே பெரட்டுக் களம்தான். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்திலும் மண் சரிந்து லயத்து உயிர்கள் போயின. மழையும் சரிவும் இந்த மக்களின் பாதையை ஒவ்வொரு வருடமும் அரித்துக்கொண்டே இருக்கின்றன.

கரவனெல்லை தாண்டி ஒரு கராஜில் நிறுத்தினேன். தோட்டத்தில் பிறந்து டவுனில் தொழில் கற்ற பாஸ் ஒருவர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். இரத்தினபுரி மாணிக்கக் கிடங்குகளில் தண்ணீர் இறைக்கும் டீசல் பம்ப் எஞ்சின் ஒன்று பிரித்த நிலையில் மேசைமேல் இருந்தது. ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் வகை. வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

“செய்யலாம் அண்ணே. ஏன் செய்ய முடியாது? ஆனா எந்த சைக்கிள்ல வைக்கப் போறீங்கங்கிறதுதான் கேள்வி.”

நான் வந்த சைக்கிளின் எஞ்சினைத் தொட்டுக் காட்டினார். இந்த வகையில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே வார்ப்புக்குள் இருக்கின்றன. எஞ்சினைக் கழற்றினால் கியரும் கூடவே போய்விடும். பழைய என்ஃபீல்ட் புல்லட்டில் அப்படியில்லை. எஞ்சின் தனி, கியர் பெட்டி தனி, இரண்டையும் இணைக்க ஒரு செயின். எஞ்சினை எடுத்துவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் உட்கார வைக்கலாம். இந்தியாவில் டீசல் மாற்றங்கள் பெரும்பாலும் புல்லட்டில் நடந்ததற்கு இதுதான் காரணம். 1990களில் சென்னை என்ஃபீல்ட் நிறுவனமே கிரீவ்ஸ் லொம்பார்டினி 325 சிசி எஞ்சினைப் பூட்டி ‘டாரஸ்’ என்ற டீசல் புல்லட்டை விற்றது. 6.5 குதிரைவலு, மணிக்கு 65 கிலோமீற்றர் வேகம், லீற்றருக்கு 70 கிலோமீற்றருக்கு மேல். புகைக் கட்டுப்பாடு இறுகியபோது, 2000ஆம் ஆண்டையொட்டி அது நின்றுபோனது. ஜெர்மனியில் சொம்மர் என்பவர் ஹாட்ஸ் 462 சிசி எஞ்சினைப் பூட்டி அதே புல்லட் உடலில் டீசல் சைக்கிள் செய்தார்.

டீசலுக்குப் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்கு வரை இறுக்கினால் அது கொதிக்கும். அதில் எண்ணெயைப் பீச்சினால் தானாகவே பற்றும். அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருந்தாக வேண்டும். மேசைமேல் இருந்த அந்தச் சின்ன எஞ்சினே ஏறத்தாழ 50 கிலோ. அது நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு மேல் ஓடாது. என் சைக்கிளின் எஞ்சின் அதைப் போல இரண்டு மடங்கு சுற்றும். ஆகவே முன் பல்சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும், கிளட்சைப் பலப்படுத்த வேண்டும், அதிர்வில் சட்டகம் வெடிக்காமல் தாங்கு கட்ட வேண்டும். வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருளும் பதிவாகியிருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. பாஸ் இத்தனையையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகளின் கையில் இருக்கும் தொழிலறிவைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

எட்டியாந்தோட்டையிலிருந்து மேல் டிவிசனுக்கு ஏறினேன். கொங்கிரீட் போட்ட துண்டு முடிந்ததும் கருங்கல்லும் சேறும். முதல் கியரை விட்டு மாற வழியில்லை. அந்த ஏற்றத்திலேயே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எட்டடிக்கு ஓரடி உயரும் சரிவில், ஆளும் ஒரு மூட்டையும் ஏற்றிய டாரஸ் தன் 6.5 குதிரைவலுவில் மணிக்கு சுமார் 30 கிலோமீற்றர் ஏறும். நல்லதுதான். ஆனால் அந்தப் பாதையில் யாராலும் மணிக்கு 15ஐத் தாண்ட முடியாது. நான் ஓட்டிய 100 சிசி வண்டிக்கோ அதைவிடச் சற்றுக் கூடிய வலு, எடை ஏறக்குறைய பாதி, நல்ல ரோட்டில் பெற்றோலிலேயே லீற்றருக்கு 70 கிலோமீற்றர் தரும். புல்லட்டின் 350 சிசி பெற்றோல் எஞ்சினோடு ஒப்பிட்டால்தான் டீசல் லாபம். தோட்டத்து இளைஞனிடம் இருக்கும் சைக்கிளோடு ஒப்பிட்டால் எண்ணெயும் மிஞ்சாது, கானுக்குள் விழுந்தால் தனியாளாகத் தூக்கவும் முடியாது.

மேலே லயத்தருகே ஒரு லாண்ட் மாஸ்டர் கை டிராக்டர் விறகு ஏற்றி நின்றது. ஒற்றை சிலிண்டர் டீசலின் சரியான இடம் அதுதான். எடை அங்கே குறையல்ல, சக்கரத்துக்குப் பிடி. ஓட்டி வந்தவர் சொன்னார்: “ராவுல யாருக்காச்சும் முடியலன்னா இதுலதான் தம்பி கீழ கொண்டுபோறது. வேற வண்டி ஏறாது.”

1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்து மக்கள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். பெற்றோல் கிடைக்காத ஊரில் எஞ்சினின் பழக்கத்தை மாற்றுவது அறிவு. இங்கே குறை எஞ்சினில் இல்லை. நல்ல ரோட்டில் 70 கிலோமீற்றர் ஓட்டும் ஒரு லீற்றரை முதல் கியரில் பாதித் தூரத்திலேயே தின்றுவிடுவது பாதை. டீசலுக்கு மாற நினைக்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது: பின் பல்சக்கரத்தை ஒன்றிரண்டு பல் கூட்டுங்கள், காற்று வடியைச் சுத்தமாக வைத்திருங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், மாற்றச் செலவழிக்கும் பணம் மிஞ்சும். கம்பனிகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் சொல்வது: தேயிலையும் றப்பரும் இறங்கும் பாதையில்தான் நோயாளியும் கர்ப்பிணியும் இறங்குகிறார்கள். டிவிசன் பாதைகளை லயத்து வாசல்வரை கொங்கிரீட் போட்டுக் கொடுங்கள்.