பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பிள்ளைகள் பெட்டிக்குள் இருக்கும் சொற்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “தச்சர் ரம்பத்தின் பற்களை ____ வைத்துத் தீட்டினார்.” அறமா, அரமா? தச்சர், ரம்பம், தீட்டினார் எல்லாமே அரத்தைத்தான் கைகாட்டுகின்றன.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் இதை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது! பல பொருள் தரும் ஒரு சொல்லை வினை, இனம், சார்பு கொண்டு தெளியலாம். உரைகாரர்கள் காட்டுவது ‘மா’. பூத்தது என்றால் மரம். மருதோடு சேர்ந்து வந்தாலும் மரம். கவசம் பூண்டு நிற்பவன் கொண்டுவரச் சொன்னால் குதிரை. இந்த மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சொல்பவன் நிற்கும் கோலமே பொருளைச் சொல்லிவிடுகிறது.

வீட்டில் பிள்ளை விடை தெரியாமல் திணறினால் உடனே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். வாக்கியத்தின் கடைசியில் என்ன வினை வருகிறது என்று முதலில் கேளுங்கள்.