கேமராவைக் கொண்டு போகலாமா, வேண்டாமா?

போன வாரம் காலை நடையின்போது ஒரு நண்பர் கேட்டார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஜெர்மனியில் இருக்கிறான். பேரன் பிறந்து பத்து மாதம் ஆகிறது, இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறார். ஓய்வு பெற்ற கையோடு நல்ல கேமரா ஒன்றும் இரண்டு பெரிய லென்ஸும் வாங்கி வைத்திருக்கிறார்.

"சார், இதையெல்லாம் தூக்கிக்கிட்டுப் போகலாமா? வழியில எவனாவது அடிச்சுட்டுப் போயிட்டா? விட்டுட்டுப் போகவும் மனசு வரல" என்றார்.

அன்று பூங்காவை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியும் என்னால் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். இதே கேள்வியை வைத்துக்கொண்டு நானும் ஒரு மாதம் தூக்கம் கெட்டவன்தான்.

என் கதை விழுப்புரம் ரயில் நிலையத்தில் ஆரம்பிக்கிறது. 1983 பொங்கல் சமயம். நான் சென்னையில் தொலைபேசித் துறையில் இருந்தேன். சொந்த ஊர் மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அக்காவின் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அங்கிருந்து ஒரு யாஷிகா எலெக்ட்ரோ 35 கேமரா கொண்டு வந்திருந்தார். எங்கள் உறவு வட்டத்திலேயே கேமரா என்று இருந்தது அது ஒன்றுதான். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதுக்கு என்ன மாப்ளே, எடுத்துட்டுப் போயிட்டு வா" என்று உறையோடு கழற்றிக் கொடுத்துவிட்டார்.

36 படச் சுருள் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். மாட்டுப் பொங்கல், வயல், வாய்க்கால் என்று எல்லாவற்றையும் எடுத்தேன். எங்கள் அப்பா படம் எடுக்கவே ஒப்பமாட்டார். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அவர் கட்சி. அன்று மட்டும் என்ன தோன்றியதோ, இரண்டு வயது பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

திரும்பும்போது இரவு வண்டி. விழுப்புரத்தில் வெகுநேரம் நிற்கும். குழந்தைக்குப் பால் வாங்க இறங்கினேன். மனைவி குழந்தையை மடியில் போட்டபடி கண்ணயர்ந்திருந்தாள். கேமராப் பையை ஜன்னலோரக் கொக்கியில் மாட்டியிருந்தேன். பால் டம்ளரோடு திரும்பி வந்தபோது கொக்கி மட்டும்தான் இருந்தது.

அத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போனாப் போகுது, விடு மாப்ளே" என்றார். மாதாமாதம் கொஞ்சமாகப் பணம் கொடுத்து அடைத்துவிடுகிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த வருஷமே ஆடி மாதம் அப்பா போய்விட்டார். இன்று எங்களிடம் இருக்கும் அவருடைய ஒரே படம், யாரோ ஒருவர் கல்யாணக் கூட்டத்தில் பின்வரிசையில் பாதி முகம் தெரிய நிற்பதுதான். கேமரா போனது அத்தானுக்கு நஷ்டம். அந்தச் சுருள் போனது எனக்கு. இந்த இரண்டும் வேறு வேறு நஷ்டம் என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

2014-இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷம், வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து நிக்கான் டி750 வாங்கினேன். பிறகு ஒவ்வொன்றாக 24-70 லென்ஸ், 70-200 லென்ஸ், சின்னதாக ஒரு 50 எம்எம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய். வீட்டில் கொஞ்ச நாள் மௌன விரதம் நடந்தது. அதை விரிவாக எழுதத் தேவையில்லை. வாசகர்களில் பலர் அனுபவஸ்தர்கள்.

2017-இல் நாங்கள் இருவரும் பாதாமி போனோம். குடைவரைகளுக்கு ஏறும் படிகளில் குரங்குகள் அதிகம். என் முதுகில் ஒரு பை, கழுத்தில் கேமரா, தோளில் இன்னொரு லென்ஸ். திடீரென்று ஒரு குரங்கு பையைக் குறிவைத்துப் பாய்ந்தது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த மனைவி மிரண்டு பின்னால் நகர்ந்ததில் கால் தடுக்கி விழுந்துவிட்டாள். அந்த நொடியில் என் இரண்டு கைகளும் எங்கே இருந்தன தெரியுமா? கேமராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன.

முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் ரத்தம். பெரிதாக ஒன்றுமில்லை. முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பையன்தான் அவளைக் கைகொடுத்துத் தூக்கினான். எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் கேட்டாள்: "ஏங்க, கேமராவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

குத்திக்காட்டிக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். அன்றிரவு ஓட்டல் அறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த இரண்டு சம்பவங்களும் மனதில் கிடக்கும்போதுதான் 2019-இல் எங்கள் கல்யாணத்தின் நாற்பதாவது வருஷத்துக்கு மகள் கம்போடியாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். கோலாலம்பூர் வழியாக சியெம் ரீப். அங்கோர் வாட் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடப்புத்தகக் காலத்து ஆசை. அவ்வளவு தூரம் போய் நல்ல கேமரா இல்லாமல் திரும்புவதா? கொண்டு போனால் இன்னொரு விழுப்புரமா? ஒரு மாதம் மண்டையைக் குடைந்தது.

என் உத்தியோக புத்திப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

முதல் கணக்கு எடை. கேமரா பேட்டரியோடு 840 கிராம். 24-70 லென்ஸ் 900 கிராம். 70-200 லென்ஸ் 1540 கிராம். பை, சார்ஜர் எல்லாம் சேர்த்தால் 5 கிலோவைத் தொட்டது. விமானத்தில் கையில் கொண்டுபோக 7 கிலோதான் அனுமதி. கேமராவையும் லென்ஸையும் பெரிய பெட்டியில் போட்டுச் சரக்கோடு அனுப்பலாம் என்றால், அது உருண்டு புரண்டு வருவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. உபரி லித்தியம் பேட்டரிகளை எப்படியும் அதில் போடக்கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும். ஆக, 7 கிலோவில் 5 கிலோ கேமராவுக்கு. மீதி 2 கிலோவில் இருவருடைய பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ஒரு மாற்றுத் துணி.

இரண்டாவது கணக்கு காப்பீடு. மகள் எடுத்துக் கொடுத்த பயணக் காப்பீட்டின் பொடி எழுத்துகளை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு லட்சக்கணக்கில் உண்டு. கேமரா மாதிரி விலை உயர்ந்த பொருள் போனால் கிடைப்பது ஒரு லென்ஸின் மூடி வாங்கத்தான் காணும். அதுவும் நாம் கவனிக்காமல் விட்டு வைத்த பொருளாக இருந்தால் அதுவும் இல்லை. விழுப்புரம் கொக்கிக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது என்று புரிந்துகொண்டேன். கேமராவுக்கென்று தனியாகப் பாலிசி எடுத்து வெளிநாட்டுக்கும் நீட்டிக்கலாம்தான். பத்து நாள் பயணத்துக்கு அது எனக்கு அதிகமாகப் பட்டது. உங்களுடைய கேமரா தொழிலுக்கு என்றால் அவசியம் எடுங்கள்.

மூன்றாவது கணக்கு சுங்கம். திரும்பி வரும்போது, இதை வெளிநாட்டில் வாங்கி வந்தீர்களா என்று கேட்டால்? அப்போது நம்மவர்களுக்கு 50,000 ரூபாய் வரைதான் தீர்வை இல்லாமல் கொண்டுவர அனுமதி. இதற்கு வழி இருக்கிறது. புறப்படும்போதே விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டி, அதன் வரிசை எண்ணைப் பதிந்து ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய பில்லின் நகலும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கணக்கெல்லாம் போட்டு முடித்தும் விடை வரவில்லை. ஏன் என்றால், நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே "இது திருடு போகுமா?" என்பதுதான். அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? ஒரு நாள் மாலை மனைவி காப்பியை வைத்துவிட்டு நோட்டைப் பார்த்தாள். "இவ்வளவு கணக்கு எதுக்கு? தொலைஞ்சா உங்களால தாங்க முடியுமா, முடியாதா? தாங்க முடிஞ்சத எடுத்துக்கிட்டு வாங்க. எனக்குக் கை குடுக்க ஒரு கை காலியா இருந்தா சரி" என்றாள். பாதாமியைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் அவள் பேசியதில்லை.

இரண்டு பெரிய லென்ஸையும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். கேமராவும் 185 கிராம் எடையுள்ள 50 எம்எம் லென்ஸும் மட்டும் கிளம்பின. மொத்தம் ஒரு கிலோ. கேமரா வாரில் கம்பெனிப் பெயர் பளிச்சென்று இருந்ததால், அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். கேமராப் பைக்குப் பதிலாக ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பை. உள்ளே துண்டைச் சுற்றி வைத்துக்கொண்டேன். அந்தப் பையைப் பார்க்கிறவன் தயிர்சாதம் இருக்கிறது என்றுதான் நினைப்பான்.

சென்னையில் சுங்க அதிகாரி கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். துணிப்பையைப் பார்த்து லேசாகச் சிரித்தார். திரும்பி வரும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் அந்தக் காகிதம் சட்டைப் பையில் இருந்த தைரியம் வேறு.

இன்னொரு ஏற்பாடும் செய்தேன். டி750-இல் இரண்டு மெமரி கார்டுகள் போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். தினமும் ராத்திரி அறைக்கு வந்ததும் ஒரு கார்டைக் கழற்றி மனைவியிடம் கொடுப்பேன், மறுநாளுக்குப் புதிது போடுவேன். அவள் அதை இடுப்புச் சுருக்குப்பையில் மாத்திரைகளோடு போட்டுக்கொள்வாள். "இது என்ன, சங்கிலியக் கழட்டிக் குடுக்கற மாதிரி இவ்வளவு பத்திரமாக் குடுக்கறீங்க?" என்றாள். விழுப்புரத்தை நினைவுபடுத்தினேன். அதன்பிறகு ராத்திரி அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கேமரா போனால் இன்னொன்று வாங்கலாம், இல்லாவிட்டால் வாங்காமலும் இருக்கலாம். படம் போனால் எங்கே போய் வாங்குவது?

சியெம் ரீப்பில் மூன்று நாள் அனுமதிச் சீட்டு 62 டாலர். நம் முகத்தைப் படம் எடுத்து அதிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். அதனால் வாசல் பக்கம் நின்றால் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்பும். விடியற்காலை இருட்டில் குளக்கரையில் பெருங்கூட்டம். நான் ஒரு கையில் கேமரா, மறு கையில் மனைவியின் கை என்று நின்றேன். படம் சுமார்தான்.

குறையும் சொல்ல வேண்டும். கிழக்குத் திருச்சுற்றில் பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது, சுமார் 49 மீட்டர் நீளம். அந்தக் குறுகலான நடையில் 50 எம்எம் லென்ஸில் நாலைந்து அசுரர்களுக்குமேல் அடங்கவில்லை. 24-70 பீரோவில் தூங்குகிறதே என்று அரை மணி நேரம் மனம் அடித்துக்கொண்டது உண்மை.

மூன்றாம் நாள் மனைவிக்கு முழங்கால் வலி. கோயில் உள்ளே ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் வெள்ளை உடுத்து, தலை மழித்த ஒரு வயதான பௌத்தத் துறவிப் பெண்மணி, வருகிறவர்கள் கையில் சிவப்புக் கயிறு கட்டி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். இவளுக்கும் கட்டினார். இவள் தமிழில் முழங்காலைக் காட்டி ஏதோ சொல்ல, அவர் கெமர் மொழியில் தன் முழங்காலைக் காட்டி ஏதோ சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்ன லென்ஸ் ஆனதால் நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன். எனக்கும் ஒரு கயிறு கிடைத்தது.

இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். கோபுரப் படம் கம்ப்யூட்டரில் எங்கோ கிடக்கிறது.

இதையெல்லாம் நேற்றுக் காலை நண்பரிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் என்னதான் சார் கொண்டு போறது?" என்றார்.

"உங்க சாமான் மொத்தம் எவ்வளவு எடை?"

"ஆறு கிலோ வரும்."

"பேரன்?"

"ஒன்பது கிலோவாம். நேத்துதான் டாக்டர்கிட்ட எடை பார்த்தாங்களாம்."

"உங்களால ஒரே நேரத்துல எத்தனை கிலோ தூக்க முடியும் சார்?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அடுத்த சுற்று முழுக்க யோசித்துக்கொண்டே நடந்தார்.