எண்பத்துநான்கு குடில்களும் மேடையேறாப் பாட்டுகளும்

ரிஷிகேசத்திற்கு யாத்திரை செல்லும் தமிழன்பர்கள் பெரும்பாலும் கங்கையில் நீராடுவர். பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் 1936-ஆம் ஆண்டில் நிறுவிய தெய்வ நெறிக் கழகத்தின் ஆசிரமத்தைத் தரிசிப்பர். மாலையில் ஆரத்தி கண்டபின் ஹரித்துவாரத்திற்குத் திரும்பிவிடுவர். ஆற்றின் மறுகரையில், சுவர்க்காசிரமத்துக் கடைத்தெருவையும் தாண்டித் தெற்கே நடந்தால், காட்டின் விளிம்பில் பாழடைந்த ஆசிரமம் ஒன்று இருப்பதை அவர்களுள் பலர் அறியார். சௌராசி குட்டியா என்பது அதன் பெயர். எண்பத்துநான்கு குடில்கள் என்று பொருள். வெளிநாட்டிலிருந்து வருவோர் அதைப் ‘பீட்டில்ஸ் ஆசிரமம்’ என்றே கேட்டு வருகின்றனர்.

சென்ற குளிர்காலத்தில் டில்லியிலிருந்து நாங்கள் ஐவர் அங்கே சென்றோம். எங்களுள் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகத் தலைநகரில் மிருதங்கம் கற்பித்து வருபவர். மற்றொருவர் எங்கள் நண்பரின் மகள், கல்லூரி மாணவி. பயணத்திற்கு அவளே காரணம். பஸ் ஹரித்துவாரத்தை அடையும்வரை தன் நோட்டுப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு எங்களுக்குப் பாடம் நடத்தினாள். அந்த நால்வர் வெளியிட்ட ஒவ்வோர் இசைத்தட்டுத் தொகுதியிலும் இருந்த பாட்டுகளை வரிசையாக எழுதி, அவற்றுள் சுற்றுப்பயண மேடைகளில் பாடப்பெற்றவற்றிற்கு மட்டும் சிவப்பு மையால் குறியிட்டிருந்தாள். முதற்பக்கங்களில் சிவப்பு மிகுதி. பக்கம் புரளப் புரளச் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. 1966-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒரு குறியும் இல்லை.

“இத்தனை பாட்டுகளைப் பாடி வைத்துவிட்டு ரசிகர்கள் முன் பாடாமல் இருந்தார்களா?” என்று வித்வான் வியந்தார். நாங்களும் வியந்தோம்.

ஜான் லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிஸன், ரிங்கோ ஸ்டார் என்னும் அந்நால்வரும் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரத்தினர். அவர்கள் முதலில் மேடையிலேயே வளர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. ரிங்கோ வந்து சேர்வதற்கு முன்னர், 1960-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து விடுதிகளில் இரவுதோறும் நான்கு, ஐந்து மணி நேரம் வாசித்துப் பிழைத்தனர். லிவர்பூலில் கேவர்ன் என்னும் நிலவறைக் கூடத்தில் ஏறக்குறைய முந்நூறு முறை பாடினர். ‘ப்ளீஸ் ப்ளீஸ் மி’ என்ற முதல் தொகுதியில் உள்ள 14 பாட்டுகளில் 10 பாட்டுகள் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவாயின. லெனனுக்கு அன்று ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துப் பாடினார். மேடையில் பாடிப் பழகியதையே பெரும்பாலும் தட்டில் இறக்கினார்கள் என்க. நம் வித்வான்கள் கிராமபோன் கம்பெனிக்குச் சென்று பாடிக் கொடுத்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.

பிறகு நிலைமை தலைகீழாக மாறிற்று. பதிவுக்கூடமே அவர்களுக்கு வாத்தியமாகிவிட்டது. 1965 டிசம்பரில் வந்த ‘ரப்பர் சோல்’ தொகுதியில் 14 பாட்டுகள். அவற்றுள் சுற்றுப்பயணத்தில் ஏறியவை இரண்டே: ‘நோவேர் மேன்’, ‘இஃப் ஐ நீடட் சம்வன்’. ஹாரிஸன் சிதார் வாசித்த ‘நார்வீஜியன் வுட்’ மேடைக்கு வரவில்லை. ‘இன் மை லைஃப்’ பாட்டின் நடுவே வரும் பியானோ, பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஓட்டியது. அதை மேடையில் எவ்வாறு செய்வது? 1966 ஆகஸ்டு 5 அன்று ‘ரிவால்வர்’ வெளியாயிற்று. ஒரே வாரத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியது. அப்புதிய தொகுதியின் 14 பாட்டுகளில் ஒன்றையேனும் அவர்கள் அப்பயணத்தில் பாடவில்லை. ‘எலினார் ரிக்பி’ பாட்டுக்கு நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ ஆகியவையே பக்கவாத்தியம். நால்வரில் எவரும் அதில் வாத்தியம் தொடவில்லை. ‘லவ் யூ டு’ பாட்டுக்குச் சிதாரும் தபலாவும் வேண்டும். ‘டுமாரோ நெவர் நோஸ்’ என்பதோ துண்டு துண்டான ஒலிநாடாக்களை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டு இழைத்தது. இரண்டு கித்தார், ஒரு பேஸ் கித்தார், ஒரு டிரம் என்று புறப்பட்ட கோஷ்டி இவற்றை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக இயலுமா?

ஆகவே 1966-ஆம் ஆண்டுப் பயணத்தில் பெரும்பாலும் 11 பாட்டுகளே. ‘ராக் அண்ட் ரோல் மியூசிக்’கில் தொடங்கி, அமெரிக்காவில் ‘லாங் டால் ஸாலி’யில் முடிப்பர். மொத்தம் அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். எங்கள் வித்வான் இதைக் கேட்டு, “வர்ணம் முடிந்து ஆலாபனை எடுப்பதற்குள் மங்களமா!” என்றார். அப்பதினொன்றில் ‘யெஸ்டர்டே’யும் ஒன்று. தட்டில் அது மக்கார்ட்னியின் தனிக்குரலும் கித்தாரும் நான்கு நரம்பு வாத்தியங்களும் மட்டுமே கொண்ட மெல்லிய பாட்டு. மேடையில் அதனை நால்வரும் சேர்ந்து மின்சாரக் கித்தார்களோடு பாட நேர்ந்தது. எங்கள் கருத்தில் அப்பாட்டுக்கு அது பொருந்தாத ஆடை.

ஆனால் எதைப் பாடினால் என்ன, கேட்டவர் எவர்? இதுவே எங்கள் மனத்தை உறுத்திய செய்தி. 1965 ஆகஸ்டு 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000 பேருக்குமேல் கூடினர். கூச்சலே கச்சேரியாயிற்று. பந்தாட்ட அறிவிப்புக்கென்று அமைத்த ஒலிபெருக்கிகளில் பாட்டு கரைந்து போயிற்று. பாடுவோர் தம் குரலைத் தாமே கேட்கும்பொருட்டு மேடையில் வைக்கும் ஒலிபெருக்கிகள் அக்காலத்தில் வழக்கத்துக்கு வரவில்லை. முன்னே நிற்பவர்களின் உடலசைவைப் பார்த்தே பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று தாம் ஊகித்ததாக ரிங்கோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தாளம் போடுகிறவனுக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை என்று எங்கள் வித்வான் தலையில் கைவைத்துக்கொண்டார். நம் சங்க மேடையில் ஒலிபெருக்கி மக்கர் செய்த நாட்கள் எல்லோர் நினைவுக்கும் வந்தன. எனினும் நம்மவர்கள் அமைதியாக இருந்து கேட்க முயன்றார்கள் அல்லவா!

டோக்கியோவில் மட்டும் காரியம் வேறு. 1966 ஜூன் 30 முதல் ஜூலை 2 வரை புடோகான் மண்டபத்தில் ஐந்து நிகழ்ச்சிகள். போலீஸ் காவல் பலமாக இருந்ததால் ரசிகர்கள் ஓரளவு அடங்கியிருந்தனர். நெடுநாளைக்குப் பின் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்கும் வாய்ப்பு நால்வருக்கும் கிட்டியது. பயிற்சியின்றிச் சுருதி பிசகியிருப்பதும் தெரிந்தது என்பர். அங்கிருந்து மணிலா. ஜூலை 4 அன்று ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள். நாட்டுத் தலைவரின் மனைவி இமெல்டா மார்க்கோஸ் ஏற்பாடு செய்திருந்த வரவேற்புக்கு அவர்கள் செல்லவில்லை என்பதனால் மறுநாள் விமான நிலையத்தில் தள்ளுமுள்ளுக்கு ஆளாயினர்.

அவ்வாறு ஓடி வந்தவர்கள் இறங்கிய ஊர் நம் டில்லி. இரண்டு நாள் ஓய்வாக இருக்கலாம் என்று எண்ணி வந்தனர். இங்கும் கூட்டம் அடையாளம் கண்டுகொண்டது. கன்னாட் பிளேஸில் உள்ள ரிக்கி ராம் வாத்தியக் கடையில் இந்திய இசைக்கருவிகள் வாங்கிச் சென்றனர். அக்கடை வாயிலில் எத்தனையோ முறை பஸ்ஸுக்காகக் காத்து நின்றிருக்கிறோம். இந்தச் செய்தி தெரியாமலேயே! டில்லியில் அவர்கள் பாடவில்லை. இந்தியாவில் எந்த மேடையிலும் அவர்கள் கச்சேரி செய்ததில்லை.

1966 ஆகஸ்டு 29 அன்று ஸான்பிரான்ஸிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் அரங்கில் கடைசி நிகழ்ச்சி. குளிர்காற்று வீசும் இரவு. சுமார் 25,000 சீட்டுகளே விற்றன. இடங்கள் பல காலி. இதுவே கடைசி என்று கூட்டத்தாருக்கு அறிவிக்கவில்லை. மக்கார்ட்னி கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோ ஒலிநாடாவில் அதைப் பதிவு செய்தார். நாடாவின் ஒரு பக்கம் அரை மணி நேரமே ஓடும். கடைசிப் பாட்டு முடியுமுன் நாடா முடிந்துவிட்டது. மாணவியின் நோட்டுப் புத்தகத்திலும் சிவப்பு மை அங்கே தீர்ந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டே நாங்கள் ராம் ஜூலாவைக் கடந்தோம். நால்வரும் வந்த காலத்தில் அந்தத் தொங்கு பாலம் இல்லை. அது 1986-இல் எழுந்தது. காலடியில் பாலம் ஆட, கீழே பச்சை நிறத்தில் கங்கை ஓட, எதிரே வந்த சாதுக்களுக்கும் கன்றுக்குட்டிகளுக்கும் வழிவிட்டு மறுகரை சேர்ந்தோம். கடைகள் ஓய்ந்தன. மணலும் கூழாங்கல்லும் நிறைந்த பாதை காட்டுக்குள் திரும்பியது. மேட்டின்மேல் வாயில்.

உள்ளே நுழைந்ததும் கூழாங்கற்களைப் பதித்துக் கட்டிய வட்டக் குடில்கள் புற்றுகளைப்போல் வரிசையாக நிற்கின்றன. தலை குனிந்தே உள்ளே புகவேண்டும். மேலே ஏறித் தியானம் செய்ய ஒரு சிறு மாடம். அப்பால் கூரையிழந்த சமையற்கூடம், செடி முளைத்த படிகள், சுவரைப் பிளந்த வேர்கள். மகேஷ் யோகியார் 1960-களில் வனத்துறையிடம் குத்தகைக்குப் பெற்ற நிலம் இது. பின்னர் கைவிடப்பட்டது, குத்தகை முடிந்து வனத்துறைக்கே திரும்பியது. இப்பகுதி இன்று ராஜாஜி புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அந்த ராஜாஜி நம் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார்தாம் என்று மாணவிக்குச் சொன்னபோது, அன்று எங்களுக்கும் ஏதோ ஒன்று கற்பிக்கக் கிடைத்ததே என்று மகிழ்ந்தோம். 2015 டிசம்பர் முதல் பொதுமக்களை அனுமதிக்கின்றனர்.

1968 பிப்ரவரியில் லெனனும் ஹாரிஸனும் முதலில் வந்தனர். சில நாட்களில் மற்ற இருவரும் சேர்ந்தனர். ரிங்கோ இரண்டு வாரத்துக்குள் புறப்பட்டுவிட்டார். மக்கார்ட்னி மார்ச்சில் சென்றார். மற்ற இருவரும் ஏப்ரல்வரை தங்கினர். தியானம் கற்க வந்த இடத்தில் பாட்டுகள் ஊற்றெடுத்தன. ஸ்காட்லாந்துப் பாடகர் டானவனும் உடனிருந்தார். கித்தார்த் தந்திகளைத் தனித்தனியே விரல்களால் மீட்டும் முறையை அவர் லெனனுக்குக் கற்பித்தார். ‘டியர் ப்ரூடன்ஸ்’, ‘ஜூலியா’ ஆகிய பாட்டுகளில் அந்த விரல் நடையைக் கேட்கலாம். அறையை விட்டு வெளிவராமல் தியானத்தில் மூழ்கியிருந்த ப்ரூடன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்ணைக் குறித்து எழுந்தது முதற்பாட்டு. ஒருநாள் மாலை எல்லோரும் ஊருக்குள் சினிமாப் பார்க்க நடந்தபோது மக்கார்ட்னி கித்தாரை மீட்டியவாறே ‘ஒப்லடி ஒப்லடா’வைப் பாடிக்கொண்டு சென்றாராம். கூட்டமில்லை, சீட்டு இல்லை. காட்டுப் பாதையே மேடை.

அங்கே உருவான பாட்டுகள் பல, 1968 நவம்பர் 22 அன்று வெள்ளை அட்டையோடு வெளிவந்த, 30 பாட்டுகள் கொண்ட இரட்டைத் தட்டுத் தொகுதியில் இடம் பெற்றன. இங்கேதான் ஒரு விந்தை. ‘ரிவால்வர்’ பாட்டுகளை மேடையேற்ற எட்டு நரம்பு வாத்தியக்காரர்களும் ஒலிநாடா இயந்திரங்களும் வேண்டும். ரிஷிகேசத்துப் பாட்டுகள் பலவற்றிற்கோ ஒரு கித்தாரும் ஒரு குரலும் போதும். எந்த ஊர்த் திண்ணையிலும் பாடலாம். எளிதில் பாடக்கூடிய பாட்டுகள் பிறந்தபோது, பாடுவதற்கு மேடை இல்லை!

ஒரு பாறைமேல் அமர்ந்து புளியோதரையைப் பிரித்தபோது வழக்கு மூண்டது.

“ரசிகன் முகம் பார்க்காமல் பாடுவது சங்கீதமாகுமா? சபையில் பத்துப் பேர் இருந்தாலும் அவர்களுக்காகப் பாட வேண்டாமா?” என்றார் வித்வான்.

“மாமா, அந்தப் பத்துப் பேரும் ஓயாமல் கூச்சலிட்டால் நீங்கள் வாசிப்பீர்களா?” என்று கேட்டாள் மாணவி.

“வாசிக்க மாட்டேன். ஆனால் வாசிப்பையே விட்டுவிடவும் மாட்டேன்.”

“அவர்களும் விடவில்லையே! கூச்சலைத்தானே விட்டார்கள்?”

வித்வான் பதில் சொல்லாமல் மோர்மிளகாயைக் கடித்தார். எங்களைக் கேட்டால் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும் மாணவியின் பக்கம் சற்றுக் கூடுதல். ஒரு வேளை கூச்சல் அடங்கிய பின்பாவது அவர்கள் திரும்பியிருக்கலாம் என்ற ஏக்கமும் எங்களுக்கு இல்லாமலில்லை. 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் தங்கள் அலுவலகத்து மொட்டைமாடியில் 42 நிமிடம் வாசித்தனர். புதிய பாட்டுகளே அங்கு ஒலித்தன. வெள்ளைத் தொகுதியிலிருந்து ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டே பிரிந்தனர். லெனன் 1980-லும் ஹாரிஸன் 2001-லும் மறைந்தனர். ரிஷிகேசத்தில் உருவான ‘பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.’ பாட்டை 2003 மே மாதத்தில் மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் மக்கார்ட்னி பாடினார். பாட்டு குறிக்கும் நாடு அதற்குள் மறைந்துவிட்டது. ஊர் திரும்பியவுடன் ஹாரிஸனின் ஈஷர் இல்லத்தில் அவர்கள் கித்தார்களோடு பாடிப் பார்த்த 27 பதிவுகள் 2018-இல் வெளியாயின. ஆசிரமத்தில் அப்பாட்டுகள் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று அறிய விரும்புவோர் அவற்றைக் கேட்பது நலம்.

உள்ளே ஒரு பெரிய கூடம் இருக்கிறது. சுவர் முழுதும் வண்ண ஓவியங்கள். நாங்கள் சென்றபோது கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் தரையில் அமர்ந்து ‘டியர் ப்ரூடன்ஸ்’ பாடிக்கொண்டிருந்தனர். கேட்டவர்கள் எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். ஒவ்வொரு தந்தியும் காதில் விழுந்தது. வித்வானின் விரல்கள் அவரையறியாமல் முழங்காலில் தாளம் இட்டன. மாணவி அதைப் பார்த்துவிட்டாள், பாராதவள்போல் இருந்துவிட்டாள்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு: ராம் ஜூலாவிலிருந்து நடக்கும் தொலைவே. வனத்துறையினர் நுழைவுக் கட்டணம் பெறுகின்றனர். மாலையில் வாயிலை அடைத்துவிடுவர். ஆதலின் முற்பகலிலேயே செல்வது நன்று. குடிநீர் கையோடு கொண்டு செல்க. தின்பண்டத்தைக் குரங்குகள் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டாம். எங்கள் முறுக்குப் பொட்டலம் அவ்வாறே போயிற்று.